வானிற் பணிபுரிவோரும் அவர்தம் சங்கமும்

கரவெட்டியிலே ஒரு வீட்டு முற்றத்தில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேற்கே பலாலிப் பக்கம் விமானம் ஒன்றின் இரைச்சல் கேட்கிறது. சிறுவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதை ஓட்டுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று ஒரு பிள்ளை வியக்கிறது. அவ்வியப்பு நியாயமானதே. ஆயின், அவ்விமானத்தினுள்ளே பயணிகளுக்கிடையில் நடமாடிக்கொண்டிருக்கும் பணிப்பெண்ணை நாம் நினைப்பதில்லை. அவர் எத்தனை மணி நேரம் நிற்கிறார், எத்தனை வயதுவரை அவருக்கு அவ்வேலை உண்டு, மணமுடித்தால் அவ்வேலை என்னாகும் என்னும் வினாக்கள் நம் மனத்தில் எழுவதுமில்லை. அவ்வினாக்களை எழுப்பி, விடை காணும்வரை ஓயாத பெண்களின் வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வடமராட்சி மக்களுக்கு விமானம் அந்நியமானதன்று. இரண்டாவது உலகப்போர்க் காலத்திலே பலாலியில் விமானத்தளம் அமைந்தது. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி, எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, நமது குடாநாட்டில் இறங்கி, பின் சென்னைக்குச் சென்றது. ‘சீதா தேவி’ என்னும் பெயர் தாங்கிய டக்கோட்டா விமானம் அது. கப்டன் பீற்றர் பெர்னாண்டோ அதனைச் செலுத்தினார். பயணிகளைக் கவனித்தவர் மேவிஸ் விஜேரத்ன என்னும் பெண்மணி. இலங்கைப் பெண்ணொருவர் வானிலே ஊழியம் புரிந்த வரலாறு நம் தலைக்கு மேலேயே தொடங்கிற்று எனலாம்.

அதே 1947ஆம் ஆண்டிலே, அதற்கு ஆறு மாதம் முன்னர், கொழும்பில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. தொழிற்சங்க உரிமை கோரி அரசாங்க எழுதுவினைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் 5ஆம் திகதி ஊர்வலத்தின்மேற் பொலிசார் சுட்டபோது கந்தசாமி என்னும் எழுதுவினைஞர் உயிர் துறந்தார். கொழும்புக் கந்தோர்களிலே பிள்ளைகள் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல. ஆதலின் சங்கம் என்பது என்ன, அதன் விலை என்ன என்பதை நம்மவர் அன்றே அறிவர். கந்தோரில் இருப்பவருக்குச் சங்கம் வேண்டுமெனின், வானிற் பறப்பவருக்கு வேண்டாமா?

இத்தொழில் பிறந்த கதையை முதலிற் பார்ப்போம். அமெரிக்காவிலே எலன் சேர்ச் என்னும் தாதி விமானம் ஓட்டவும் கற்றிருந்தார். விமானியாக அவரை ஏற்க எவரும் முன்வரவில்லை. பயணிகளின் அச்சத்தைப் போக்கத் தாதியரை விமானத்தில் அமர்த்தலாம் என்று அவர் யோசனை கூறினார். அதனை ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 1930ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி அவர் முதற் பணிப்பெண்ணாகப் பறந்தார். அவரோடு சேர்த்து எட்டுப் பேர் நியமனம் பெற்றனர். அவர்களுக்கு இடப்பட்ட நிபந்தனைகளைக் கேளுங்கள்: தாதியாக இருத்தல் வேண்டும், 25 வயதுக்கு மேற்படலாகாது, மணமாகியிருத்தல் ஆகாது, உடல் நிறை 115 இறாத்தலைத் தாண்டலாகாது. மாதம் 100 மணி நேரம் பறப்பதற்கு 125 டொலர் சம்பளம். தாதியின் படிப்பு பயணிகளின் பாதுகாப்புக்காகக் கேட்கப்பட்டது. ஏனைய நிபந்தனைகளுக்கும் பாதுகாப்புக்கும் யாதொரு தொடர்புமில்லை. பிற்காலத்தில் தாதிப் படிப்பு என்னும் நிபந்தனை மறைந்தது. வயதும் தோற்றமும் மணமும் பற்றிய நிபந்தனைகளே நிலைத்து நின்றன.

பதினைந்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1945ஆம் ஆண்டில் அடா பிறவுண் என்னும் பணிப்பெண்ணும் அவருடைய தோழியர் சிலரும் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அடுத்த ஆண்டிலேயே நிறுவனத்துடன் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. சம்பளம் உயர்ந்தது, மாதத்திற் பறக்கும் நேரம் 85 மணியாகக் குறைந்தது. இவையனைத்தையும் பெற்றுக்கொடுத்த அடா பிறவுண் 1947இல் மணமுடித்தார். மணமானவர் விலகவேண்டும் என்ற விதியின்படி அவரே வேலையை விட்டுச் செல்ல நேர்ந்தது. நேரத்தையும் சம்பளத்தையும் வென்ற சங்கத்தால் அவ்விதியை அன்று அசைக்க முடியவில்லை.

அதற்கு மேலும் இருபது ஆண்டுகள் வேண்டியிருந்தன. சில கம்பனிகள் 32 வயதிலும், சில 35 வயதிலும் பணிப்பெண்களை வீட்டுக்கு அனுப்பின. 1964ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் வேலையில் ஆண் பெண் வேற்றுமை காட்டுதலைத் தடுத்தது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த ஆணைக்குழு 1965இற் கதவு திறந்ததும், முதன்முதல் முறையிட்டோருள் விமானப் பணிப்பெண்களும் இருந்தனர். 1971இல் மணத்தடை சட்டவிரோதமென நீதிமன்றம் தீர்த்தது. அதே ஆண்டில் இன்னொரு வழக்கும் முடிந்தது. அதனைத் தொடுத்தவர், பணியாளராகச் சேர விரும்பி மறுக்கப்பட்ட ஓர் ஆண்மகன். பயணிகள் பெண்களையே விரும்புகின்றனர் என்று கம்பனி வாதாடியது. பயணிகளைப் பத்திரமாகக் கொண்டு செல்வதே விமான நிறுவனத்தின் தொழில், இன்முகம் காட்டுதல் அதற்கு அடுத்ததே என்று நீதிமன்றம் விடை கூறிற்று. இப்பணி யாது என்னும் கேள்விக்கு இதுவே சரியான விடையென்று நான் கருதுகிறேன்.

இனி அயல்நாடாகிய இந்தியாவுக்கு வருவோம். எயர் இந்தியாவின் விதிகளிலே 46ஆவது விதி ஒன்றிருந்தது. பணிப்பெண் 35 வயதை அடைந்தால், அல்லது வேலையிற் சேர்ந்து நான்காண்டுக்குள் மணமுடித்தால், அல்லது முதன்முறை கருவுற்றால், இவற்றுள் எது முந்துகிறதோ அப்பொழுதே அவர் விலகவேண்டும். 35க்குப் பின்னரும் வேலை வேண்டுமாயின் நிர்வாகப் பணிப்பாளரின் தயவை நாடவேண்டும். அதே விமானத்தில் ஏறக்குறைய அதே வேலையைச் செய்த ஆண் பணியாளர் 58 வயதுவரை இருக்கலாம். 1965இலும் 1972இலும் தொழில் நியாயசபைகள் இப்பிணக்குகளை விசாரித்தன, வேற்றுமை நீங்கவில்லை. பின்னர் நர்கேஷ் மீர்சா என்பவரும் அவருடைய சக ஊழியர்களும் நீதிமன்றத்தை நாடினார்கள்.

1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாய்மையைக் காரணங்காட்டி வேலையைப் பறிப்பது பெண்மைக்கே இழுக்கென்று கண்டித்து அப்பகுதியைத் தள்ளியது. பணிப்பாளரின் கட்டற்ற அதிகாரத்தையும் நீக்கியது. ஆனால் நான்காண்டு மணத்தடையை ஏற்றுக்கொண்டது. அத்தடை பெண்ணின் உடல்நலத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நன்மை தரும் என்று காரணமும் கூறிற்று. ஆண்களும் பெண்களும் வெவ்வேறு பிரிவினராகச் சேர்க்கப்பட்டவர்கள், ஆதலால் அவர்களை ஒப்பிடலாகாது என்றது. அவர்களை அவ்வாறு பிரித்தவர் யார் என்று நாம் கேட்கலாமன்றோ? பாதி நீதி கிடைத்தது. மீதியைச் சங்கங்களும் ஊழியர்களும் ஆண்டாண்டாகத் தேடவேண்டியதாயிற்று.

அப்படித் தேடியபோது ஒரு கசப்பான உண்மையும் வெளிப்பட்டது. 1989இல் அரசாங்கம் தலையிட்டதன் பயனாகப் பணிப்பெண்களும் 58 வயதுவரை சேவையில் இருக்க வழி பிறந்தது. எனினும் அவர்கள் பறப்பதற்கு மட்டும் வயதெல்லை தொடர்ந்தது. அதனை எதிர்த்த வழக்கு 2003இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது, பெண்கள் 50 வயதுடன் பறத்தலை நிறுத்தவேண்டும் என்பது செல்லுபடியாயிற்று. அத்தீர்ப்புக்கு ஆதாரமாக நின்றவை எவை தெரியுமா? ஆண்களும் பெண்களும் சேர்ந்திருந்த பணியாளர் சங்கம் நிர்வாகத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளே. பணிப்பெண்கள் பலர் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டதன் காரணம் இதனால் விளங்கும். பின்னர் அரசாங்கம் அவ்வெல்லையையும் அகற்றியது. விமானத்தினுள்ளே மேற்பார்வையாளர் பதவி அதுவரை ஆண்களுக்கே உரியதாக இருந்தது. அது பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது ஆண் ஊழியர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2007இல் டில்லி உயர் நீதிமன்றமும், 2011இல் உச்ச நீதிமன்றமும் பெண்களின் பக்கமே நின்றன.

சங்கம் என்ற பெயர் மட்டும் போதாது என்பதை இது காட்டுகிறது. சங்கத்தினுள்ளே பெண்ணின் குரல் ஒலிக்கவேண்டும். ஒலியாவிடின், சங்கம் எழுதும் உடன்படிக்கையே அவருக்கு விலங்காகிவிடும்.

விமானப் பணியென்றால் உணவு பரிமாறுதலே என்று எண்ணுவோர் இன்றும் உளர். ஐம்பது இருக்கைகளுக்கு ஒரு பணியாளரேனும் இருத்தல்வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. அது பரிமாறும் வசதிக்காக ஏற்பட்டதன்று. ஆபத்து நேர்ந்தால் பயணிகளை விரைந்து வெளியேற்றுவதற்காக ஏற்பட்டது. 1986ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி கராச்சியிலே பான் அம் விமானமொன்றை ஆயுதபாணிகள் கைப்பற்றினர். அதில் தலைமைப் பணிப்பெண்ணாக இருந்தவர் நீர்ஜா பனோட். அவருடைய 23ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாட்களே இருந்தன. துப்பாக்கிகள் முழங்கியபோது அவர் தப்பி ஓடவில்லை. பயணிகளை வெளியேற்றிக்கொண்டிருக்கையிலேயே குண்டுபட்டு உயிர்நீத்தார். இந்தியா அவருக்கு அசோக சக்கர விருது வழங்கியது. இத்தகைய பொறுப்புடைய ஊழியரை முகப்பொலிவாலும் இறாத்தலாலும் அளப்பது தகுமா?

நம் நாட்டிலே எயர் சிலோன் 1978இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு எயர் லங்கா தோன்றி, பின்னர் ஸ்ரீலங்கன் எனப் பெயர் மாறிற்று. அதன் விமானப் பணியாளர்க்கும் தொழிற்சங்கம் உண்டு. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்யலாம். ஏழு பேர் என்றால் நெல்லியடியில் ஒரு கடைவாசலில் நின்று பேசுவோரின் தொகைதான். சட்டம் கேட்பது அவ்வளவே, மற்றையது மனவுறுதி.

பலாலி வானம் நெடுங்காலம் போரின் இரைச்சலையே கேட்டது. 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அன்று வந்திறங்கிய விமானம், அக்காலத்தில் எயர் இந்தியாவின் துணை நிறுவனமாயிருந்த அலையன்ஸ் எயருக்குரியது. 1947இலே ‘சீதா தேவி’ சென்ற வழியிலே மீண்டும் ஒரு விமானம்.

கரவெட்டியில் அண்ணாந்து பார்க்கும் சிறுமியருள் ஒருத்தி நாளை அவ்வேலைக்குச் செல்லலாம். மணமாலை சூடினாள் என்றோ, மடியிலே குழந்தை வந்ததென்றோ, நரை கண்டதென்றோ அவளை இறக்கிவிடும் விதியைச் சந்திக்க நேர்ந்தால் அவள் கலங்கவேண்டியதில்லை. அத்தகைய விதிகள் மாற்றப்பட்டவை, மாற்றத்தக்கவை என்பதை அவளுக்கு இப்பொழுதே சொல்லிவைப்பது நம் கடமை. அவற்றை மாற்றியவர்களிற் பலர் அம்மாற்றத்தின் பயனைத் தாம் அனுபவியாதவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வோமாக.