நிழற்படமும் பொய்ந்நிழலும்

கமரா பொய் சொல்லாது என்னும் நம்பிக்கை நம்மிடையே இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. கணினி வந்த பின்னரே படம் பொய் பேசக் கற்றது என்போரும் உளர். இவ்விரு கருத்துக்களும் வரலாற்றுக்குப் பொருந்தாதவை.

1857ஆம் ஆண்டிலே, மஞ்செஸ்டர் நகரில் நடைபெற்ற கலைக் கண்காட்சியில், ஒஸ்கார் ரெய்லாண்டர் என்பார் 'வாழ்வின் இரு வழிகள்' என்னும் படத்தை வைத்தார். அது முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து அச்சிட்ட படமாகும். மறு ஆண்டில் ஹென்றி பீச் ரொபின்சன் ஐந்து நெகட்டிவ்களை இணைத்து, காசநோயால் மடியும் ஓர் இளம்பெண்ணையும் அவளைச் சூழ்ந்து துயருறும் குடும்பத்தாரையும் காட்டினார். அப்பெண்ணாக நடித்தவளோ நல்ல உடல்நலம் வாய்ந்தவள். ஆயினும் இவ்விருவரையும் நாம் பொய்யர் எனக் கூறுவதற்கில்லை. ஓவியன் தூரிகையாற் செய்வதைத் தாம் நெகட்டிவ்களாற் செய்வதாக அவர்கள் கருதினர். செய்த முறையையும் மறைத்தாரல்லர்.

மறைத்தோரும் இருந்தனர். 1937இல் மொஸ்கோ–வொல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினுடன் நடந்து சென்றவர் நிக்கொலாய் யெஷோவ். அன்றைய இரகசியப் பொலிசின் தலைவர். 1940இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். பின்னர் வெளிவந்த அதே படத்தில் அவர் நின்ற இடத்திற் கால்வாய் நீர் மட்டுமே இருந்தது. பல்லாயிரவரை இல்லாமலாக்கிய ஒருவர், தாமும் படத்திலிருந்து இல்லாமலானார். மக்கள் விடுதலையின் பேரால் நிகழ்ந்தது என்பதற்காக இதனை நாம் மன்னித்தல் ஆகாது. அதற்குக் கணினி தேவைப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது.

1987இல், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான தொமஸ் நோல், கறுப்பு வெள்ளைத் திரையிற் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்கென ஒரு நிரல் எழுதினார். திரைப்படத் தந்திரக் காட்சிக் கலைஞரான அவரது சகோதரர் ஜோன் அதன் பயனை உணர்ந்தார். அடோபி நிறுவனம் 1990இல் அதனைப் போட்டோஷொப் என்ற பெயரில் வெளியிட்டது. தொடக்கத்தில், ஒட்டிய துண்டு அடிப்படத்தோடு கலந்துவிடும். பின்னர் பிரித்தெடுத்தல் அரிது. 1994இல் வந்த அடுக்குகள் இக்குறையைப் போக்கின. கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போல, ஒவ்வோர் உருவமும் தனித்து நின்றது.

ஓர் எழுத்துக்கு நிழல் இடுவதாயின், அதன் வடிவைப் படியெடுத்து, மங்கச் செய்து, சற்று நகர்த்திக் கலைஞன் கையாற் செய்யவேண்டியிருந்தது. 1998இன் பதிப்பு இவ்வுழைப்பைச் சில எண்களாகச் சுருக்கியது. கோணம், தூரம், அளவு ஆகியவற்றைக் குறித்தால் நிழல் விழும், ஒளி சூழும், விளிம்பு புடைக்கும். 2000இன் பதிப்பு இவற்றை 'அடுக்குப் பாணி'களாகச் சேமித்து வேறு அடுக்குகளுக்கும் வழங்க இடமளித்தது. எல்லா நிழல்களுக்கும் ஒரே ஒளிக்கோணத்தை வகுக்கவும் இயலும். ஏனெனில், திசை மாறிய நிழலே பொய்யைக் காட்டிக்கொடுப்பது.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. இந்த நிழலும் ஒளியும் மூல உருவத்தைத் தீண்டுவதில்லை. அவற்றை அகற்றினால் அடியிலுள்ளது அப்படியே தோன்றும். அவ்வகையில் அடுக்கு நேர்மையான கருவியே. அடுக்குகளை ஒன்றாக்கித் தட்டையான படமாக வெளியிடும்போதுதான் செய்கையின் சுவடு மறைகிறது. ரெய்லாண்டருக்கும் யெஷோவை அழித்த கைக்கும் இடையிலுள்ள வேறுபாடும் இதுவே: கருவியன்று, ஒளிப்பு.

நாளை ஒரு தொழிலாளியின் காயத்துக்கும் ஒரு கிராமத்தின் அழிவுக்கும் படமே சாட்சியாகலாம். அச்சாட்சியை நம்ப மறுக்கும் உலகு, வலியோருக்கே வாய்ப்பானது. ஆகவே, நிழல் இடக் கற்பிக்கும் ஆசிரியர்களாகிய நாம், நிழலிட்டதை ஒளிக்காமற் சொல்லவும் கற்பித்தல் வேண்டும்.