அன்பாக்சிங் மதிப்பீடு: மதுரை வட்டாரம்

அன்பாக்சிங் மதிப்பீடு என்பது கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி போன்ற மின்னணுப் பொருளின் பெட்டியைப் பிரிப்பதில் தொடங்கி, பொருள் முதன்முறை இயங்கும் வரையிலான அனுபவத்தை ஆராய்ந்து தரம் சொல்லும் முறை. பெட்டியின் உறுதி, சீல், மேலட்டை விவரங்கள், உள்ளிருக்கும் துணைப்பொருட்கள், செய்முறைக் குறிப்பு ஆகியவை இதில் அடங்கும். மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி போன்ற சுற்றூர்களிலும் இந்தப் பெட்டிகள் கடை மேசையிலும், வீட்டு வாசலிலும், அரசுத் திட்டப் பொருளானால் பள்ளி வளாகத்திலும் பிரிக்கப்படுகின்றன. இடத்துக்கு இடம் பார்க்க வேண்டியவை மாறுகின்றன.

தோற்றம்

2006இல் வெளியான நோக்கியா இ61 கைப்பேசியின் பெட்டி பிரிப்பு வீடியோ, இவ்வகை வீடியோக்களில் மிக முந்தையவற்றுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுகிறது. பெட்டியையே பொருளின் ஓர் அங்கமாக வடிவமைக்கும் வழக்கத்தைப் பரவலாக்கிய நிறுவனங்களில் ஆப்பிள் முதன்மையானது. மூடிக்கும் அடிப்பெட்டிக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளியே விடப்படுவதால் காற்று மெல்லத்தான் உள்ளே புகும். மூடியைத் தூக்கினால் அடிப்பெட்டி தன் எடையில் நிதானமாக இறங்கும். 2020இல் ஐபோன் 12 வந்தபோது பெட்டியிலிருந்து சார்ஜரும் இயர்போனும் நீக்கப்பட்டன. அதன்பின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்பதும் மதிப்பீட்டில் முக்கிய இடம் பிடித்தது.

மேலட்டை

பெட்டியின் மேலட்டை ஓர் ஆவணம். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011இன்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், பொருளின் பொதுப்பெயர், எண்ணிக்கை, தயாரான மாதமும் ஆண்டும், எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு விவரம் ஆகியவை தெரிவிக்கப்பட வேண்டும். இறக்குமதிப் பொருளுக்கு எந்த நாட்டில் தயாரானது என்பதும் வேண்டும். ஒரே பெட்டியில் பல பொருட்கள் இருந்தால் ஒவ்வொன்றின் பெயரும் எண்ணிக்கையும் கட்டாயம்.

மடிக்கணினி, கைப்பேசி, அடாப்டர், பவர் பேங்க் போன்றவை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. ‘ஆர்’ எழுத்தோடு வரும் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால், அது யாருக்கு வழங்கப்பட்டது என்று தெரியும். விலை குறைந்த அடாப்டர் வாங்குவோர் தவறாமல் செய்ய வேண்டிய சோதனை இது.

மொழி விஷயத்தில் பொட்டலப் பொருட்கள் விதி தமிழருக்குப் போதாது. அறிவிப்புகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கிறது அது. பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம், ஆனால் கட்டாயமில்லை. ஆகவே தமிழில் ஒரு பக்கமாவது குறிப்பு வைக்கும் நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டில் செய்யப்படும் எந்த மதிப்பீடும் தனி மதிப்பெண் தர வேண்டும்.

கடை மேசையில்

டவுன் ஹால் ரோடு, மாசி வீதிகள் போன்ற கடைவீதிகளில் கைப்பேசி வாங்கினால், பெட்டியை வாடிக்கையாளர் கண்முன் பிரிப்பதே வழக்கம். விற்பனையாளர் முதலில் சீலைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். ஒப்புக்கொண்டதும் பிளேடால் ஓரமாகக் கீறி, கைப்பேசியை எடுத்து சிம் போட்டு ஆன் செய்வார். *#06# அழுத்தினால் திரையில் கைப்பேசியின் தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அந்த எண் பெட்டியிலும் பில்லிலும் ஒன்றாக இருக்க வேண்டும். டெம்பர் கிளாஸ் ஒட்டி, பேக் கவர் மாட்டுவது கடைசி வேலை. அவசரத்தில் கிளாஸ் முதலில் ஒட்டப்பட்டால் திரையில் இருக்கும் கீறலோ புள்ளியோ மறைந்துவிடும். எனவே திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த பிறகே ஒட்டச் சொல்ல வேண்டும்.

எண்ணைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. 2023 மே மாதம் தொடங்கப்பட்ட, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை இட்டால் அது எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று தெரியும். கைப்பேசி களவு போனால் அதை முடக்கக் கோருவதும் இதே தளத்தில்தான். அதனால் எண் குறிக்கப்பட்ட பில் பெட்டியைவிட முக்கியம். ஆனாலும் பழைய கைப்பேசி விற்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி “பில்லும் பாக்ஸும் இருக்கா?” என்பதுதான். வீட்டுப் பரணில் காலிப் பெட்டிகள் அடுக்கியிருக்க இதுவும் ஒரு காரணம்.

வீட்டு வாசலில்

இணையத்தில் வாங்கிய பெட்டிக்குள் கைப்பேசிக்குப் பதில் சோப்புக்கட்டி வந்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. இதற்கு மாற்றாக வந்தது ‘ஓப்பன் பாக்ஸ் டெலிவரி’. பொருளைக் கொண்டுவருபவரே பெட்டியைப் பிரித்துக் காட்டுவார். வாங்குபவர் பார்த்துத் திருப்தியானபின் ஓடிபி சொல்ல வேண்டும். பிரிக்குமுன் ஓடிபி சொன்னால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். இந்த வசதி இல்லாத பொருளுக்கு, முகவரிச் சீட்டும் நான்கு பக்கங்களும் தெரியும்படி, நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்துக்கொண்டே பிரிப்பது நல்லது.

தொலைக்காட்சி, வாஷிங் மெஷின் போன்றவற்றில் நிறுவன ஆள் வரும்வரை பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று கடைகளில் சொல்வதுண்டு. வாசலில் இறக்கும்போதே பெட்டி மூலை நசுங்கியிருந்தால் அப்போதே படம் எடுத்து, ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

பள்ளி வளாகத்தில்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. கொள்முதலை அரசின் எல்காட் நிறுவனம் செய்தது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோடு பையும் தரப்பட்டது. பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். கடையில் காட்டிக் கொடுக்க ஆள் உண்டு. இந்தத் திட்டத்தில், வீடு போய்ச் சேர்ந்தபின், மாணவருக்குப் பெட்டியும் குறிப்பும் மட்டுமே ஆசிரியர். மின்கலத்தை எப்படி வைப்பது, முதல் சார்ஜ் எப்படி, கடவுச்சொல் எப்படி என்பதைப் படம் போட்டுத் தமிழில் சொல்வது அலங்காரமல்ல, அடிப்படைத் தேவை. முதன்முறை பயன்படுத்துபவர் யாருடைய உதவியுமின்றி இயக்க முடிகிறதா என்பதே பெட்டி பிரிப்பின் உண்மையான தேர்வு.

வீடியோ மதிப்பீடுகள்

யூடியூபில் தமிழ் அன்பாக்சிங் வீடியோக்களுக்குப் பெரும் பார்வையாளர் கூட்டம் உண்டு. மதிப்பீட்டாளருக்குப் பொருளை நிறுவனமே அனுப்பியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன, விளம்பரத் தர மன்றம் 2021இலும் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள். நிறுவனம் அனுப்பும் பெட்டியும் கடையில் கிடைக்கும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ள முடியாது. பணம் கொடுத்து வாங்கிய பொருளின் மதிப்பீடே நம்பத் தக்கது.

குறை தீர்ப்பு

பெட்டிக்குள் பொருள் குறைந்தாலோ மாறியிருந்தாலோ முதலில் விற்பனையாளரிடமும், அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர இடம் தருகிறது. ஆகவே விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும் மதுரைக்காரர் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை.