ஹெட்ஃபோன் கண்காட்சியில் 'இதுதான் பெஸ்ட்' என்று காது சொன்னால் நம்பலாமா? எண்கள் சொல்வது என்ன?

சிங்கப்பூர், நியூயார்க், லண்டன் போன்ற நகரங்களில் நடக்கும் கேன்ஜாம், டோக்கியோவில் ஃபுஜியா ஏவிக் என்ற கடை நடத்தும் ஹெட்ஃபோன் திருவிழா... இதுபோன்ற கண்காட்சிகளில், கடையில் விலை கேட்கவே யோசிக்கும் ஹெட்ஃபோன்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் மாட்டிக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு மேசையில் 5 நிமிடம், அடுத்த மேசையில் 5 நிமிடம். மாலைக்குள் மனதில் ஒரு வெற்றியாளர் முடிவாகிவிடும். சிலருக்கு அந்த முடிவின் விலை ஒரு மாதச் சம்பளம்.

சுருக்கமாகச் சொன்னால், ஹெட்ஃபோன்களுக்கு இடையே கேட்கும் வித்தியாசம் பெரும்பாலும் நிஜம். ஆம்ப்களுக்கு இடையே கேட்கும் வித்தியாசம் பல நேரம் வெறும் சத்த வித்தியாசம். எது எது என்று பிரித்துப் பார்க்க சில எளிய கணக்குகள் போதும்.

எந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது?

மேசையில் பொதுவாக மூன்று விஷயங்கள் இருக்கும். போனில் உள்ள டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றுவது டேக். அந்த அலைக்கு ஹெட்ஃபோனை இயக்கும் அளவுக்குத் தெம்பு கொடுப்பது ஆம்ப். அதை ஒலியாக்கிக் காதுக்குத் தருவது ஹெட்ஃபோன். போனில் செருகும் பல சின்ன டாங்கிள்களுக்குள்ளும் டேக், ஆம்ப் இரண்டுமே இருக்கின்றன. அளவுதான் சின்னது.

சத்தம் கூடினால் 'தரம்' கூடியது போல ஏன் தோன்றுகிறது?

மனிதக் காது எல்லா ஸ்வரங்களையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. சத்தம் குறைவாக இருக்கும்போது அடித்தள ஒலிகள் முதலில் காணாமல் போகும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். வால்யூமைக் கூட்டினால் பேஸ் நிறையும், பின்னணியில் இருக்கும் சின்னச் சின்ன வாத்தியங்களும் மேலே வரும்.

சிக்கலே இங்கேதான். வித்தியாசம் 1 டெசிபல் அளவுக்குச் சின்னதாக இருந்தால், 'சத்தம் அதிகம்' என்று நமக்குத் தோன்றாது. 'தெளிவா இருக்கு', 'உயிரோட்டமா இருக்கு' என்றுதான் தோன்றும். 1 டெசிபல் என்பது வெறும் 26% கூடுதல் மின்சக்தி. இரண்டு ஆம்ப்களின் குமிழையும் ஒரே இடத்தில் திருப்பி வைத்தாலும் இரண்டும் ஒரே அளவு சத்தம் தராது, ஏனென்றால் ஒவ்வொன்றும் அலையைப் பெருக்கும் விகிதம் வேறு. அதனால்தான் முறையான சோதனைகளில் வித்தியாசத்தை 0.1 அல்லது 0.2 டெசிபலுக்குள் கொண்டுவந்த பிறகே கேட்க ஆரம்பிப்பார்கள்.

சத்தத்தைச் சமமாக்கினால் ஆம்ப்களில் வித்தியாசம் தெரியுமா?

இதற்குப் பிரபலமான சோதனை ஒன்று உண்டு. 1987-ல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ், 220 டாலர் ரிசீவர் முதல் 12,000 டாலர் ஆம்ப் வரை எடுத்துக்கொண்டு, 25 பேரிடம் எது எதுவென்று சொல்லாமல் கேட்க வைத்தது. மொத்தம் 1,530 முயற்சிகளில் சரியான பதில்கள் 772. அதாவது 50.5%. காசைச் சுண்டிப் போட்டுப் பதில் சொல்லியிருந்தாலும் கிட்டத்தட்ட இதே எண்தான் வந்திருக்கும்.

அது ஸ்பீக்கர் ஆம்ப்களை வைத்து நடந்த சோதனை. ஆம்ப்கள் எல்லாம் தங்கள் சக்திக்கு உட்பட்டே இயங்கின. ஆகவே 'எல்லா ஆம்பும் ஒன்றுதான்' என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. இரண்டு இடங்களில் ஆம்ப் நிஜமாகவே முக்கியமாகிறது.

முதல் இடம்: சக்தி போதாமல் போவது

'ஓம் அதிகமா? அப்போ ஆம்ப் வேணும்' என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இது பாதி உண்மைதான். ஓம் என்பது மின் எதிர்ப்பு. அதோடு சென்சிட்டிவிட்டியையும் பார்க்க வேண்டும். 1 மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதுதான் அது.

இரண்டு ஹெட்ஃபோன்களை எடுத்துக் கணக்கு போட்டோம். ஸ்டூடியோக்களில் பல ஆண்டுகளாகப் புழங்கும் சோனி எம்டிஆர்-7506, 6,000 டாலர் விலையில் அறிமுகமான ஹைஃபைமேன் சுஸ்வாரா. பாட்டின் உச்சக்கட்ட நொடிகளில் 110 டெசிபல் வரை எட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு கண நேர உச்சம்தான், நீங்கள் கேட்கும் சராசரிச் சத்தம் இதைவிட மிகக் குறைவு.

- சோனி: 63 ஓம், 106 டெசிபல். தேவை சுமார் 2.5 மில்லிவாட், 0.4 வோல்ட்.
- சுஸ்வாரா: 60 ஓம், 83 டெசிபல். தேவை சுமார் 500 மில்லிவாட், 5.5 வோல்ட்.

ஓம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தேவைப்படும் சக்தியில் 200 மடங்கு வித்தியாசம்! 1 வோல்ட் தரும் ஒரு டாங்கிளில் செருகினால் சோனி 118 டெசிபல் வரை போகும். சுஸ்வாரா 95-லேயே நின்றுவிடும். அதற்கு மேல் திருகினால் ஒலி நசுங்கும். சுஸ்வாராவுக்கு நல்ல ஆம்ப் அவசியம். சோனிக்குப் பெரிய ஆம்ப் வாங்கினால் அது வெறும் அலங்காரம்.

இரண்டாவது இடம்: ஆம்பின் வெளியீட்டு எதிர்ப்பு

ஆம்புக்கும் தனக்கென்று ஒரு எதிர்ப்பு உண்டு. காதுக்குள் செருகும் பல டிரைவர் இயர்ஃபோன்களில் ஓம் மதிப்பு ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும். உதாரணமாக, ஒரு இயர்ஃபோன் 10 ஓமுக்கும் 30 ஓமுக்கும் இடையே மாறுகிறது என்று வைப்போம். ஆம்பின் எதிர்ப்பு 10 ஓம் என்றால், சில ஸ்வரங்கள் மற்றவற்றைவிட 3.5 டெசிபல் தூக்கலாகக் கேட்கும். அதே இயர்ஃபோனை 0.5 ஓம் ஆம்பில் போட்டால் அந்த வித்தியாசம் வெறும் 0.3 டெசிபல்.

'இந்த ஆம்ப் வார்மா இருக்கு' என்று யாராவது சொன்னால், சில நேரம் காரணம் இதுதான். ஆம்பின் எதிர்ப்பு, இயர்ஃபோனின் மிகக் குறைந்த ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவான விதி.

விலை கூடினால் ஒலியும் கூடுமா?

ஆய்வாளர் ஜெரோன் ப்ரீபார்ட் 283 ஹெட்ஃபோன்களை அளந்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்த ஸ்வரத்தை ஒரு ஹெட்ஃபோன் எவ்வளவு சத்தமாக ஒலிக்கிறது என்ற அளவுக்கும் அதன் விலைக்கும் தொடர்பு இல்லை என்பதுதான் கட்டுரையின் முடிவு. உழைப்புத் தரம், உட்காரும் சுகம், எடை எல்லாம் இந்தக் கணக்கில் வராது. அவற்றுக்குக் காசு கொடுப்பது தவறில்லை. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது நல்லது.

ஹெட்ஃபோன்களுக்கு இடையே பல டெசிபல் அளவுக்கு வித்தியாசம் சாதாரணமாக வரும். ஆகவே பட்ஜெட்டில் முதல் பங்கு ஹெட்ஃபோனுக்கு, மிச்சம்தான் ஆம்புக்கு.

கண்காட்சி ஹால் செய்யும் குழப்பம்

ஹாலில் எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். முதுகுப்பக்கம் திறந்திருக்கும் ஓப்பன் பேக் ஹெட்ஃபோன்கள் அந்த இரைச்சலைத் தடுக்காது. மெல்லிய விஷயங்கள் அமுங்கிவிடும், மூடிய வகைக்கு அநியாயமாக ஒரு போனஸ் கிடைக்கும். கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னொரு பிரச்சினை. குஷனுக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி விழுந்தால், மூடிய வகையில் பேஸ் கசிந்துவிடும்.

இரைச்சலை வெல்ல எல்லோரும் வால்யூமைக் கூட்டுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். ஒரு முழுநாள் கண்காட்சியில் ஒரு வாரத்துக்கான அளவு தீர்ந்துவிடலாம். களைத்த காதுக்கு மாலையில் எதுவும் சரியாகக் கேட்காது, தீர்ப்பும் தப்பாகப் போகும்.

அப்போ என்னதான் செய்வது?

1. உங்களுக்கு மனப்பாடமான 3 பாட்டுகளை உங்கள் போனிலேயே கொண்டு போங்கள். கடைக்காரர் போடும் பாட்டு அவர் பொருளுக்குப் பொருத்தமானதாகத்தான் இருக்கும்.

2. ஆம்ப்களை ஒப்பிடும்போது ஹெட்ஃபோனை மாற்றாதீர்கள். ஹெட்ஃபோன்களை ஒப்பிடும்போது ஆம்பை மாற்றாதீர்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எதற்கு மார்க் போடுவது என்று தெரியாது.

3. புதிய ஆம்பை, பழையதைவிட ஒரு துளி குறைந்த சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். அப்போதும் அதுதான் நன்றாக இருக்கிறது என்றால் பொருட்படுத்தலாம்.

4. 20 நொடிப் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உடனுக்குடன் மாற்றிக் கேளுங்கள். ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிகளுக்கு மேல் நிற்காது. காலையில் கேட்டதோடு மாலையில் கேட்டதை ஒப்பிடுவது வீண்.

5. நண்பர் ஒருவரை மறைவாக மாற்றச் சொல்லி 10 முறை ஊகியுங்கள். 8 சரி என்றால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க 5.5% வாய்ப்பு. 9 சரி என்றால் 1% மட்டும்.

6. மணிக்கு 10 நிமிடமாவது காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

7. பில் போடும் முன் சென்சிட்டிவிட்டி, ஓம், ஆம்பின் வெளியீட்டு எதிர்ப்பு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 1 மில்லிவாட்டுக்கா, 1 வோல்ட்டுக்கா எத்தனை டெசிபல் என்று கேட்க மறக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவுகள், விளம்பரங்களில் பெரும்பாலும் 'டெசிபல்' என்று மட்டுமே போட்டிருப்பார்கள்.