டொபீகா: தீர்ப்புக்குப் பின் 45 ஆண்டுகள்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத் தலைநகரான டொபீகா ஒரு சிறு நகரம். 1950களின் தொடக்கத்தில் அங்கு வெள்ளையருக்கு 18 தொடக்கப் பள்ளிகளும் கறுப்பினத்தவருக்கு 4 பள்ளிகளும் தனித்தனியே இயங்கின. 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

ஆயினும் குடியிருப்புகள் பிரிந்தே கிடந்ததால் பள்ளிகளும் பிரிந்தே கிடந்தன. 1979இல் வழக்கு மீண்டும் உயிர்பெற்றது. அன்று மாணவியாயிருந்த லிண்டா பிரவுன் இப்போது பெற்றோராக வழக்காடினார். 1994இல் நீதிமன்றம் ஏற்ற திட்டத்தின்படி புதிய பள்ளிகள் எழுந்தன. நீதிமன்றக் கண்காணிப்பு 1999இல்தான் முடிந்தது.

தீர்ப்பு தொடக்கமே, கண்காணிப்பே அதைப் பள்ளிக்குள் கொண்டுசேர்க்கிறது. நமது கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதாசார இடம் அளிக்கிறது. அந்த இடத்தை நாம் கேட்டுப் பெறுவோம்.