அரிசி நின்றபோது



மரவள்ளிக் கிழங்கு இன்று நமக்கு மாலைத் தேநீருக்குத் துணை. ஆனால் ஜப்பானியர் காலத்தைக் கண்ட நம் பாட்டிமார் பலர் கடைசிவரை அதைத் தொடவில்லை. மூன்றரை ஆண்டு தின்றது போதாதா என்று கேட்டார்கள்.

போருக்கு முன் மலாயாவுக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இங்கே விளைந்தது. மீதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. தோட்டத்தில் அரிசியைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் கழித்துக்கொள்வது வழக்கம். ஆகவே நம்மவர்களின் வேலையும் சோறும் ஒரே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. துரைமார்கள் போய்விட்டார்கள்; ரப்பரை வாங்குவாரில்லை. கயிறு அறுந்தது.

புதிய ஆட்சியும் அரிசியைப் பங்கீடு செய்யத்தான் செய்தது. ஆனால் அளவு தேய்ந்துகொண்டே போயிற்று. 1944-இல் சிங்கப்பூரில் ஆணுக்கு மாதம் 8 கட்டி, பெண்ணுக்கு 6, பிள்ளைக்கு 4. ஒரு கட்டி சுமார் 600 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இது பட்டணத்து அளவு. தோட்டங்கள் பலவற்றுக்கு இதுகூட ஒழுங்காக வந்து சேரவில்லை.

பிறகு எப்படி உயிர் பிழைத்தார்கள்? மண்வெட்டியை எடுத்தார்கள். லயத்து வீடுகளின் ஓரத்திலும் வெட்டவெளியிலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கீரையும் நட்டார்கள். மரவள்ளிக்கு விதை வாங்க வேண்டியதில்லை அல்லவா? ஒரு வீட்டில் கிழங்கைப் பிடுங்கும்போது தண்டைத் துண்டு துண்டாக வெட்டி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தால் போதும். சில மாதங்களில் அங்கேயும் கிழங்கு. கைமாறிய அந்தக் குச்சிதான் அக்காலத்தின் பெரிய தானம் என்று நாம் கருதுகிறோம். அதோடு சேர்ந்து கைமாறிய அறிவும் சிறியதன்று. கசப்பு மரவள்ளியில் நஞ்சு உண்டு. தோலைச் சீவி, ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். இதை அறியாத வீட்டில் பசி தீருமுன் உயிர் போகும். தேங்காயெண்ணெய் கிடைக்காத இடத்தில் சிவப்புச் செம்பனை எண்ணெய் சமையலுக்கும் விளக்குக்கும் உதவியது.

எல்லாரும் எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கிழங்குத் திருட்டும் இருந்தது, கள்ளச்சந்தையும் இருந்தது. சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆண் துணை போன வீட்டில் மண்ணைக் கொத்தவும் ஆளில்லை. அந்தப் பெண்களும் பிள்ளைகளும் அக்கம்பக்கத்தார் கொடுத்த கஞ்சியை நம்பியிருந்தார்கள். கொடுத்தவர்களுக்கே அரைவயிறு. கிழங்கு வயிற்றை நிரப்பியதே தவிர உடம்பைத் தேற்றவில்லை. கால் வீங்கியும் புண் ஆறாமலும் மாண்டவர்கள் அநேகர்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு வெறும் காகிதமாயிற்று. அரிசியோ உடனே வந்துவிடவில்லை, பங்கீடு தொடர்ந்தது. ஆகவே நம்மவர்கள் மரவள்ளிக் கொல்லையை அப்போதும் அழிக்கவில்லை.