காது காட்டும் திசை

மங்கலம்பேட்டையில் இருக்கும் என் தமக்கை வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு வழக்கு எனக்காகக் காத்துக்கொண்டிருக்கும். கதை எழுதுகிறவனுக்கு நியாயமும் தெரிந்திருக்கும் என்று அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை. சென்ற ஐப்பசியில் போனபோது வந்த வழக்கு ஒரு ஹெட்போனைப் பற்றியது.

வாதி, என் அக்காள் கணவர். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அச்சு வார்ப்பவர். பிரதிவாதி, அவருடைய புத்திரன். பாலிடெக்னிக்கில் படிக்கிறான். நவராத்திரிக்கு முன்பிருந்தே அப்பாவின் பட்டறையில் பொம்மைகளுக்கும் அகல் விளக்குகளுக்கும் வர்ணம் தீட்டி, அந்தக் கூலியில் மூவாயிரத்து நானூறு ரூபாய் கொடுத்து ஹெட்போன் ஒன்றை வாங்கிவிட்டான். கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவதற்காக!

“நீயே பார், மச்சான்! பெட்டியின் மேலே ஏழு புள்ளி ஒன்று என்று போட்டிருக்கிறான். ஏழும் ஒன்றும் எட்டு. உள்ளே இருப்பதோ காதுக்கு ஒன்றாக இரண்டே குமிழ். மீதி ஆறு எங்கே? பத்து நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாமாம். நாளையோடு கெடு முடிகிறது” என்றார் அவர்.

“அதுதான் மாமா வர்ச்சுவல் சரவுண்டு! குமிழ் இரண்டுதான். ஆனால் சுற்றி எட்டு ஒலிபெருக்கி இருக்கிற மாதிரியே கேட்கும். எதிரி பின்னாலிருந்து வந்தால் பின்னாலேயே காலடிச் சத்தம் கேட்கும்” என்றான் பையன்.

“கேட்கிறதா?” என்றேன்.

அவன் சற்றுத் தயங்கினான். “கேட்கிற மாதிரிதான் இருக்கு மாமா...”

இந்த இடத்தில் வாசகர்களிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த நீதிபதிக்கு இடது காது கேட்காது. ஒன்பதாவது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. வீக்கம் வடிந்தது, அதோடு அந்தக் காதின் சக்தியும் வடிந்துவிட்டது. ஒற்றைக் காதால் பேச்சைக் கேட்கலாம், பாட்டை ரசிக்கலாம். ஆனால் சப்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாது. உளுந்தூர்பேட்டை சாலையில் பஸ் ஹாரன் அடித்தால், அது எனக்கு முன்னால் அடிக்கிறதா, முதுகுக்குப் பின்னால் அடிக்கிறதா என்று திரும்பிப் பார்த்தே அறிய வேண்டும். அதனால்தானோ என்னவோ, திசையறியும் காதைப் பற்றி எங்கே எது எழுதியிருந்தாலும் விடாமல் படிக்கும் வழக்கம் எனக்கு உண்டு. கண் தெரியாதவன் வர்ணங்களைப் பற்றி விசாரிப்பது போலத்தான்!

சப்தத்தை வைத்தே குறி பார்க்கும் வித்தைக்கு நம்முடைய இதிகாசத்தில் ‘சப்தவேதி’ என்று பெயர். தசரதன் அதில் சமர்த்தன். சரயு நதிக்கரை இருட்டில் யாரோ குடத்தில் நீர் மொள்ளும் ஓசை கேட்டது. யானை நீர் குடிக்கிறது என்று நினைத்து அம்பை எய்தான். திசையில் பிழை இல்லை. தூரத்திலும் பிழை இல்லை. ஆனால் அங்கே இருந்தது யானை அல்ல, கண்ணிழந்த தாய் தந்தையருக்கு நீர் எடுக்க வந்த இளைஞன். எங்கே என்பதைக் காது சரியாகச் சொல்லிவிட்டது. என்ன என்பதில்தான் ஏமாற்றிவிட்டது.

காது திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைத் தீர விசாரித்தவர் இங்கிலாந்தின் ராலே பிரபு. 1870-களில் அவர் ஒரு காரியம் செய்தார். புல்தரையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சுற்றிலும் ஆட்களை நிறுத்திப் பேசச் சொன்னார். பிறகு இசைக்கவைகளைத் தட்டச் சொன்னார். பேச்சுக் குரலின் திசையைச் சுலபமாகச் சொல்ல முடிந்தது. இசைக்கவையின் சுத்தமான ஒற்றை நாதத்துக்கு வலமா இடமா என்று மட்டுமே தெரிந்தது. முன்னாலா பின்னாலா என்பது குழம்பிவிட்டது. இந்த ஆராய்ச்சியின் முடிவை 1907-ல் ‘பிலசாபிகல் மாகஸின்’ என்ற சஞ்சிகையில் வெளியிட்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1906-ல், அதே சஞ்சிகையில் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவரின் முதல் கட்டுரை வெளியாகியிருந்தது. பதினெட்டு வயது நிரம்பிய அந்த மாணவர் சி. வி. ராமன். அவருடைய கட்டுரை ஒளியைப் பற்றியது. ஆனால் பிற்பாடு அவரும் வீணை, மிருதங்கம் என்று சப்தத்தின் பக்கம் வந்து சேர்ந்தார்.

ராலே சொன்னது இதுதான். வலப்புறத்திலிருந்து வரும் சப்தம் வலது காதை முதலில் தொடுகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குச் சற்றுப் பிந்திப் போகிறது. மிஞ்சிப் போனால் ஒரு விநாடியில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்குதான் அந்தத் தாமதம். கீழ்ஸ்தாயிச் சப்தங்களுக்கு இது அடையாளம். மேல்ஸ்தாயிச் சப்தங்களைத் தலையே மறித்து நிழல் விழச் செய்கிறது. தூரத்துக் காதில் அவை மெலிந்து கேட்கின்றன. முன், பின், மேல், கீழ் என்ற பேதங்களுக்கு இவை இரண்டும் போதா. நேர் எதிரே நிற்பவன் குரலும், நேர் பின்னே நிற்பவன் குரலும் இரண்டு காதையும் ஒரே சமயத்தில்தானே எட்டுகின்றன? அங்கேதான் காது மடல் துணைக்கு வருகிறது. அதன் மேடுபள்ளங்கள் ஒவ்வொரு திசைச் சப்தத்தையும் ஒவ்வொரு விதமாகச் செதுக்கி உள்ளே அனுப்புகின்றன. பிறந்த நாள் முதல் அந்தச் செதுக்கலைப் படித்துப் படித்து மூளை திசையைக் கற்றுக்கொள்கிறது. அப்படியும் சந்தேகம் வந்தால் தலையைச் சற்றுத் திருப்பிப் பார்த்துத் தீர்த்துக்கொள்கிறோம்.

இரண்டு காதுக்கும் தனித்தனியே சப்தம் அனுப்பும் யோசனையும் பழையதுதான். 1881-ல் பாரிஸ் நகரின் மின்சாரக் கண்காட்சியில் கிளமான் ஆதே என்ற பொறியியலறிஞர், ஆபரா அரங்கின் மேடை விளிம்பில் டெலிபோன் வாய்களை வரிசையாக வைத்தார். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஜனங்கள் காதுக்கு ஒரு குழலாக வைத்துக்கொண்டு கேட்டார்கள். பாடகர் மேடையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடப்பது காதிலேயே தெரிந்ததாம்!

1931-ஆம் வருஷத்தை நாம் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அக்டோபர் மாதம் 31-ஆம் தேதி ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ் சினிமா வாய் திறந்தது. அதே வருஷம் டிசம்பரில் லண்டனில் ஆலன் பிளம்லைன் என்ற இளம் பொறியியலறிஞர் ஸ்டீரியோ ஒலிக்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். திரையில் நடிகர் நகர்ந்து போகிறார், குரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறதே என்ற குறைதான் அவரைத் தூண்டிற்று என்பார்கள். 1942-ல், முப்பத்தெட்டாவது வயதில், ராடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து அவர் மாண்டார். இதற்கிடையில் 1933-ல் சிகாகோ கண்காட்சியில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையார் ‘ஆஸ்கர்’ என்ற பொம்மை ஒன்றை உட்கார வைத்தார்கள். அதன் காதருகே இரண்டு மைக். பொம்மையைச் சுற்றி நடந்ததையெல்லாம் ஹெட்போன் மாட்டியவர்கள் தங்களைச் சுற்றி நடப்பதாகவே கேட்டு வியந்தார்கள். என் மருமகனுடைய ஹெட்போனுக்குக் கொள்ளுப் பாட்டன் இந்தப் பொம்மைதான்.

நம் ஊர்களுக்கு இதெல்லாம் வர வெகுநாள் ஆயிற்று. நான் சிறுவனாக இருந்தபோது டூரிங் கொட்டகையில் திரைக்குப் பின்னே ஒரே ஒலிபெருக்கி. கதாநாயகன் எந்த மூலையில் நின்று வசனம் பேசினாலும் குரல் நடுவிலிருந்துதான் வரும். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ஒலிச்சித்திரமும் ஒரே குமிழிலிருந்துதான். அந்தக் கொட்டகையில் எல்லாருமே ஒற்றைக் காதர்கள். நான் யாருக்கும் குறைந்தவன் அல்ல! 1986-ல் ‘மாவீரன்’ எழுபது மில்லிமீட்டர் படமாக வந்தது. 1995-ல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடும், 1996-ல் ‘கருப்பு ரோஜா’ டி.டி.எஸ். ஒலியோடும் வந்தன. அப்போது நான் கல்லூரி மாணவன். தியேட்டரில் திடீரென்று நண்பர்கள் அனைவரும் ஒரே சமயத்தில் இடப்பக்கம் திரும்பினார்கள். அவர்கள் திரும்பியதைப் பார்த்து நானும் திரும்பினேன். என்னிடம் எது இல்லை என்பது அன்றுதான் எனக்கு முழுவதுமாகப் புரிந்தது.

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இந்த வித்தை அழகுக்கு அல்ல, உயிருக்கு. சினிமாவில் சப்தம் பின்னால் கேட்காவிட்டால் ரசிகனுக்கு நஷ்டம் இல்லை. விளையாட்டில் சுவருக்குப் பின்னால் வரும் காலடி தெரியாவிட்டால் ஆட்டக்காரன் தீர்ந்தான். 1990-களின் கடைசியில் ஆரியல் என்ற கம்பெனி, காது மடலின் செதுக்கலைக் கணக்குப் போட்டுப் போலி செய்யும் சில்லு ஒன்றை விற்றது. போட்டிக் கம்பெனியோடு நடந்த வழக்கில் ஜெயித்தும், வழக்குச் செலவிலேயே நொடித்து, 2000-ல் அந்தப் போட்டியாளருக்கே சொத்தை விற்க நேர்ந்தது. 2016-ல் ‘கவுண்டர் ஸ்டிரைக்’ விளையாட்டுக்குள்ளேயே இந்தக் கணக்கைச் சேர்த்தார்கள். 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் ஐந்தில் இதற்கென்றே தனி யந்திரம் வைத்தார்கள்.

சரி, கணக்கு யாருடைய காதுக்கு? இங்கேதான் என் அக்காள் கணவரின் தொழில் எனக்கு உதவியது. 1994-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ‘கீமர்’ என்ற பொம்மைத் தலையைச் சுற்றி 710 இடங்களில் ஒலிபெருக்கியை வைத்து அளவெடுத்தார்கள். அந்த அளவுகளை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட அளவுகளை வைத்துத்தான் மாயச் சூழொலி பிறக்கிறது.

“அப்படியென்றால் ஒரே அச்சில் ஊருக்கெல்லாம் காது வார்த்துக் கொடுக்கிறான் என்று சொல்” என்றார் அவர் உடனே. “அச்சுப் பொம்மை சிலர் ஜாடைக்கு ஒத்துவரும், பலருக்கு வராது.”

இதைவிடத் தெளிவாக எந்த விஞ்ஞானியும் சொல்லிவிட முடியாது. பொம்மையின் காது நம் காதுக்குக் கிட்டத்தட்ட ஒத்திருந்தால் சப்தம் வெளியே, தன் திசையில் நிற்கும். ஒவ்வாவிட்டால் மண்டைக்குள்ளேயே உருளும். முன்னால் வருவது பின்னால் வருவதாகத் தோன்றும். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. 1998-ல் டச்சு விஞ்ஞானிகள் சிலருடைய காது மடலுக்குள் அச்சுத் துண்டுகளைப் பொருத்தி வடிவத்தை மாற்றினார்கள். முதலில் மேல் கீழ் தெரியாமல் திண்டாடியவர்கள், சில வாரங்களில் புதுக் காதையும் கற்றுக்கொண்டார்கள். துண்டை எடுத்த பிறகு பழைய காதும் மறந்துபோகவில்லை!

அன்று இரவு முற்றத்தில் ராலே பிரபுவின் சோதனையை நடத்தினோம். பையன் கண்ணைக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தான். அவன் அப்பா சுற்றி நடந்து, நன்றாக வெந்த பீங்கான் கிண்ணத்தை விரலால் சுண்டினார். ஒவ்வொரு தடவையும் பையன் சரியாகக் கை நீட்டினான். அடுத்து என் முறை. நான் கை நீட்டிய திசைகளைப் பார்த்து என் தமக்கை முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

பின்பு ஹெட்போனுக்கு வந்தோம். பையன் கண்ணை மூடிக்கொள்ள, அவன் தங்கை சூழொலிப் பொத்தானைப் போட்டும் அணைத்தும், போட்டது எது அணைத்தது எது என்று சொல்லாமல் விளையாட்டை நடத்தினாள். வலம் இடம் இரண்டிலும் சமமாகத் தெரிந்தது. அதற்கு மாயம் எதுவும் வேண்டாம், சாதா ஸ்டீரியோ போதும். முன் பின்தான் பரீட்சை. ஒரு விளையாட்டு எட்டு ஒலிபெருக்கிகளுக்கான சப்தத்தைத் தனித்தனியே அனுப்பிற்று. அதில் பொத்தானைப் போட்டபோது பின்னால் வந்த காலடியைப் பையன் பெரும்பாலும் கண்டுகொண்டான். இன்னொரு விளையாட்டு தானே காதுக் கணக்கைப் போட்டு அனுப்புவது. அதில் பொத்தானையும் போட்டபோது கணக்கின் மேல் கணக்கு ஏறி, குகைக்குள் பேசுவது போல எல்லாம் குழம்பிற்று. மூன்றாவது விளையாட்டு வெறும் இரண்டு தடச் சப்தம் அனுப்புவது. அதில் பொத்தானைப் போட்டால் சப்தம் விசாலமானதே தவிர முன் பின் விளங்கவில்லை. இல்லாத செய்தியைப் பொத்தான் எங்கிருந்து கொண்டுவரும்? கடைசியாகப் பாட்டு ஒன்றைப் போட்டோம். பொத்தானை அணைத்ததும்தான் பாடகர் தொண்டைக்கு உயிர் வந்தது என்று என் தமக்கை தீர்ப்பளித்தாள்.

என் தீர்ப்பையும் சொன்னேன். பெட்டியின் மேல் எழுதியிருப்பது முழுப் பொய்யும் அல்ல, முழு மெய்யும் அல்ல. விளையாட்டே காதுக் கணக்கைப் போட்டால் ஹெட்போனின் பொத்தானை அணைத்துவிட வேண்டும். எட்டுத் தடமும் வந்தால் போட்டுப் பார்க்கலாம். அச்சுக் காது உன் காதுக்கு ஒத்துவந்தால் லாபம். இரண்டு தடம் மட்டும் வந்தால் அது வெறும் அலங்காரம். பாட்டுக்கு வேண்டவே வேண்டாம். பொத்தானுக்காக மட்டும் பணம் கொடுத்திருந்தால் அது தண்டம். குமிழ் நல்ல குமிழாக இருந்தால் அது கூலிக்கு வாங்கிய பொருள், இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்காள் கணவர் கொஞ்சம் யோசித்தார். கிண்ணத்தைச் சுண்டிப் பார்ப்பது போல ஹெட்போனை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். “வைத்துக்கொள்ளடா” என்றார்.

மறுநாள் விடியற்காலையில் பையன் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தான். சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் என் வலப்பக்கம் நடந்துகொண்டிருந்தவன், ஒன்றும் சொல்லாமல் பின்னால் சுற்றி வந்து என் இடப்பக்கத்தில் நின்றான். எங்கேயோ ஹாரன் அடித்தது. “இருங்க மாமா, பின்னால லாரி வருது” என்று என் கையைப் பிடித்தான்.