வாக்கு வரும்வரை: எரேமியாவின் அழைப்பும் அதிகாரமும்

இறைவாக்கினருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் பெரும்பாலும் அழைப்பு வரலாறுகளையே விடையாகக் காட்டுகிறார்கள். மோசே, கிதியோன், எரேமியா முதலியோரின் அழைப்புகளை ஒப்பிட்டு 1965இல் கட்டுரை எழுதிய நார்மன் ஹேபல், அவை தன்வரலாற்றுக் குறிப்புகள் அல்ல, மக்கள்முன் வைக்கப்படும் நியமனச் சான்றுகள் என்றார். எரேமியா நூலின் முதல் இயலுக்கு இது பொருந்துகிறது. ஆனால் அந்தச் சான்று மிகவும் தேவைப்பட்ட நாளில் எரேமியா அதை எடுத்துக் காட்டவே இல்லை.

கி.மு. 594ஐ ஒட்டி, எருசலேம் கோவிலில் நடந்தது அது (எரே 28). பாபிலோனுக்குப் பணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் மர நுகத்தோடு நிற்கிறார். கிபியோனைச் சேர்ந்த அனனியா, ஆண்டவர் பெயராலேயே, இரண்டு ஆண்டுகளில் கோவில் கலன்களும் நாடுகடத்தப்பட்டோரும் திரும்புவர் என்கிறார். கூடியிருந்தவர்களுக்கு இருவரையும் வேறுபடுத்த எந்த வழியும் இல்லை. எரேமியா ‘ஆமென்’ என்கிறார். இதைக் கேலியாகக் கொள்வோர் உண்டு. எனக்கு அது மனமார்ந்த விருப்பமாகவே படுகிறது. தம் மக்களுக்காக அழுதவர், அவர்கள் மீள்வதை விரும்பாமல் இருப்பாரா? பிறகு, போரையும் பஞ்சத்தையும் முன்னுரைத்த பழைய இறைவாக்கினரை நினைவூட்டுகிறார்; நல்வாழ்வை முன்னுரைப்பவரை அது நிறைவேறும்போதே அறியலாம் என்கிறார். முதல் இயலின் அழைப்பில் கூறப்படுவதுபோல், தாயின் கருவிலேயே தாம் தெரிந்துகொள்ளப்பட்டதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அனனியா நுகத்தை உடைக்கிறார். எரேமியா மறுமொழி இன்றிப் போய்விடுகிறார். புதிய வாக்கு வந்த பின்னரே திரும்பி, ஆண்டவர் அனனியாவை அனுப்பவில்லை என்று அறிவிக்கிறார்.

அந்த இடைவெளியே என் வாதத்தின் மையம். அழைப்பு, அதிகாரத்தை இறைவாக்கினரின் உடைமையாக்கவில்லை. வாக்கு வரும்போது அதிகாரம் இருந்தது, வராதபோது அவரிடம் சொல்ல எதுவும் இல்லை. இந்த இயலைப் பிற்காலத் தொகுப்பாளர்கள் செதுக்கினார்கள் என்றாலும் வாதம் தளராது: அழைப்பு வரலாற்றைக் கையில் வைத்திருந்தவர்களே அந்த மௌனத்தையும் பாதுகாத்திருக்கிறார்கள்.

இதற்கு எதிராக 26ஆம் இயலைக் காட்டலாம். உயிருக்கு ஆபத்தான விசாரணையில் எரேமியா, ஆண்டவரே என்னை அனுப்பினார் என்று சொல்கிறார், உண்மைதான். தலைவர்களும் அதற்குச் செவிசாய்த்தார்கள். எனினும் அவரைக் காத்தது அது மட்டுமல்ல: மூப்பர்கள் நூறாண்டுக்கு முந்தைய மீக்காவின் வாக்கை நினைவுகூர்ந்தார்கள். சாப்பானின் மகன் அகிக்காம் அரணாக நின்றார். எரேமியா சொன்ன அதே செய்தியைச் சொன்ன உரியா என்ற இறைவாக்கினரையோ எகிப்துவரை துரத்திப் பிடித்து யோயாக்கிம் அரசர் வெட்டிக் கொன்றார். அனுப்பப்பட்டிருப்பது பாதுகாப்பையும் தரவில்லை.

சொன்னது நிறைவேறுகிறதா என்று பார்க்கும் இணைச்சட்ட நூலின் அளவுகோலும் எரேமியாவுக்குக் கைகொடுக்கவில்லை. எருசலேம் நகரம் அவர் சொன்னபடியே வீழ்ந்தது. அதன்பின் எகிப்துக்குப் போகலாமா என்று யோகனான் என்பவரும் நாட்டில் எஞ்சியோரும் அவரைக் கேட்டபோது, உடனே பதில் சொல்ல அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. தம் கருத்தும் அவருக்குத் தெரிந்ததே. ஆனாலும் பத்து நாள் காத்திருந்தார் (எரே 42:7). வாக்கு வந்தது, சொன்னார். பொய் சொல்கிறாய் என்று கூறி, அவரையும் எகிப்துக்குக் கூட்டிச் சென்றார்கள்.